தலைவருக்குப் போட்ட நாற்காலி

எங்கள் நாடகங்கள் எல்லாம் பௌர்ணமி விடுமுறையான போயா நாளில்தான் மேடையேறின. அன்று தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து எடுப்பு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாகச் சாராயக்கடை பூட்டியிருக்கும். இந்த மூன்றாவது காரணத்தைத் தயாரிப்பாளர் வெளியில் சொல்வதில்லை. கோயில் கமிட்டியிடம் "பௌர்ணமி நல்ல நாளுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். என்னிடம் மட்டும் ஒருமுறை விளக்கினார்.

"குடிச்சிட்டு வந்து ஒக்காந்தான்னா எந்த நாடகத்தையும் காமெடியாத்தான் பாப்பான் தங்கச்சி. முந்துன நாளே வாங்கி ஒளிச்சி வச்சவன் ரெண்டு பேரு எப்படியும் வருவான். அத சமாளிச்சிக்கலாம்."

அவரை நான் அக்கா என்றே அழைத்துவந்தேன்; இங்கும் அப்படியே எழுதுகிறேன். இரத்தினபுரிக்கு அப்பால், ஓப்பநாயக்கவில், பிரதான வீதியில், மணப்பெண் அலங்கரிக்கும் கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பெண்களும் சிங்களப் பெண்களும் திருமணத்துக்கு முந்திய வாரங்களில் அந்தச் சுழல்நாற்காலியில் வந்து அமர்வார்கள். தலைமுடியை ஒருவர் கையில் ஒப்படைத்து, கண்ணை மூடிக்கொண்டிருக்கும் பெண், வேறெங்கும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறாள். அக்கா அவற்றை இரண்டு மொழிகளிலும் கேட்டார். கேட்டவை சேர்ந்து சேர்ந்து நாடகமாயின.

ஆனால் அதற்கு அவரிடம் ஒரு கண்டிப்பான விதி இருந்தது. நான் முதன்முதலாக எழுதிக் கொடுத்த காட்சியைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தபோது அதைச் சொன்னார்.

"ஒருத்தியோட கதைய முழுசா எடுக்கக் கூடாது. தல ஒருத்தியோடது, கால் இன்னொருத்தியோடதா இருக்கணும். பாக்குறவ 'இது நான்தானோ'ன்னு மனசுக்குள்ள நெனைக்கணும். பக்கத்துல இருக்கிறவ 'இது இவதான்'னு கைய நீட்டக் கூடாது."

பல்கலைக்கழகத்தில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்த எனக்கு, பாத்திரப் படைப்பைப் பற்றி இவ்வளவு சுருக்கமாகவும் இவ்வளவு பொறுப்போடும் யாரும் சொன்னதில்லை. நான் அவரிடம் சேர்ந்த கதையும் சிறியதுதான். என் மாமன் மகளின் திருமணத்துக்கு அலங்காரம் செய்ய வந்தவர், மூலையில் ஊசிகளைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை இரண்டு மணிநேரம் கவனித்திருக்கிறார். புறப்படும்போது, "நீ பேசவே மாட்டேங்கிற. ஆனா எல்லாத்தையும் பாக்குற. பேசுறதுக்கு என்கிட்ட ஆள் இருக்கு. எழுத ஆள் இல்ல" என்றார். அடுத்த விடுமுறையில் போய்ச் சேர்ந்தேன். எழுதுவதும், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பதும் என் வேலைகள். இரண்டும் யார் கண்ணிலும் படாமல் செய்யக்கூடியவை என்பதால் எனக்குப் பொருந்தின.

தயாரிப்பு என்ற சொல்லின் பொருளை அவரிடம்தான் கற்றேன். எங்களுக்குச் சங்கம் இல்லை, பதாகை இல்லை, பின்னால் நிற்கும் நிறுவனம் எதுவும் இல்லை. மேடை தேடுவது, தோட்டத்து அலுவலகத்தில் அனுமதி கேட்பது, மணப்பெண்களுக்கு முன்னால் வைக்கும் வட்ட விளக்குகளைச் சேலைகளில் சுற்றிக் கொண்டுபோவது எல்லாம் அவர் செய்தார். எனினும் அவருடைய உண்மையான தயாரிப்பு வேறு. திருமணமான ஒரு பெண்ணை, மாலை நான்கு மணிக்கு, அடுப்பு பற்றவைக்கும் நேரத்தில், லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் அவளுடைய ஒற்றையறைக் காம்பராவிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்துவதுதான் அது.

நான் சொல்லவந்த நாடகத்தின் பெயர் 'நாலு நம்பர்'. கணவன் மனைவியின் கைபேசியைத் திறக்கும் நாலு இலக்கங்களைக் கேட்கிறான். அவள் தர மறுக்கிறாள். அந்தக் கைபேசியில் மறைக்கவேண்டியது எதுவும் இல்லை. அவனுக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்கிறான். இல்லை என்று சொல்லியும் மறுக்கிறாள். கடைசியில் கைபேசியை இருவருக்கும் நடுவே தரையில் வைத்துவிட்டு அவள் உள்ளே போகிறாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, விளக்கு அணைகிறது. அவ்வளவுதான். உள்ளே என்ன இருந்தது என்பதைக் கடைசிவரை காட்டுவதில்லை என்று நானும் அக்காவும் தீர்மானித்திருந்தோம்.

மனைவியாக நடிக்க அக்கா கண்டுபிடித்தவர், எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்யும் பெண். வேலைக்குப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஒருநாள் அக்கா அந்த வழியாகப் போனபோது, உள்ளே பத்துப் பதினைந்து குழந்தைகள் சத்தமின்றி உட்கார்ந்திருந்தனவாம். அந்தப் பெண் ஒரு பூனை எப்படித் திருடப்போகிறது என்பதைச் சொல்லாமல், நடந்து காட்டிக்கொண்டிருந்தாராம். "பூனை மாதிரி நடக்கல தங்கச்சி. பூனைய பாத்து பயப்படுற மனுசி மாதிரி நடந்தா. அதுல பூனை தெரிஞ்சிச்சி" என்று அக்கா சொன்னபோது அவர் குரலில் இருந்த மகிழ்ச்சி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அந்தப் பெண்ணுக்கு விருப்பம். கணவருக்கு மறுப்பில்லை. மாமியார்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எங்கள் தோட்டங்களில் கூத்துப் போடுவது புதிதல்ல. ஆனால் கூத்தில் பெண்வேடத்தை ஆண்கள்தான் கட்டுவார்கள். பெண்ணே மேடையேறுவது, அதுவும் வேறொருவனுக்கு மனைவியாக நிற்பது, அவர் காதில் ஏறவில்லை.

"என் மருமக அடுத்தவனுக்கு பொண்டாட்டியா நிக்க மாட்டா. நிக்கிறதுன்னா என் மவனுக்குத்தான் நிப்பா" என்றார்.

கதவைச் சாத்துவதற்காக அவர் சொன்ன வார்த்தை அது. அக்கா அதையே கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டார்.

"சரி பெரியம்மா. அப்ப ஒங்க மவனையே போட்டுர்றேன்."

கணவர் ஓப்பநாயக்க சந்தியில் த்ரீவீல் ஓட்டுபவர். வாழ்க்கையில் மேடையேறியதில்லை. மாமியாருக்கு வேறு வழியில்லை. "இந்த ஒன்னு ஆடட்டும். எங்க பேரு கெடாம இருந்தா மத்தத பாப்போம். கெட்டுச்சின்னா இதோட சரி" என்று சொல்லி, பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அந்தப் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன என்பதை நான் ஒத்திகையின் இரண்டாம் வாரத்தில் தெரிந்துகொண்டேன். அவர் அதிகம் பேசுபவரல்லர். அதனாலேயே என்னிடம் பேசினார் என்று நினைக்கிறேன். கடையின் பின்புறம் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம்.

"வீட்டுல நான் ஒரு விசயம் சொல்ல ஆரம்பிச்சா முடிக்கிறதுக்குள்ள நாலு பேரு கூப்புடுவாங்க. பிள்ளைக்காம்பராவுலயும் அப்படித்தான். இங்க மட்டுந்தான் நான் பேசி முடிக்கிற வரைக்கும் எல்லாரும் சும்மா இருக்கீங்க." கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "இந்த ஒன்னோட நிப்பாட்டிருவாங்களோன்னு இருக்கு" என்றார்.

ஒத்திகைகள் சிரமமாகவே இருந்தன. கடையின் கண்ணாடிகளில் தங்களையே பார்த்துக்கொண்டார்கள் என்பதால் அக்கா எல்லாக் கண்ணாடிகளையும் சேலை போட்டு மூடினார். பிறகும் கணவருக்குக் கோபம் வரவில்லை.

"ஏங்க, கோவப்படுங்க" என்பார் மனைவி.

"எதுக்கு புள்ள கோவப்படணும்? நீதான் ஒன்னும் பண்ணலயே."

அக்கா தலையில் கைவைத்துக்கொள்வார். "அவ ஒன்னும் பண்ணலங்கிறதுதான்டா நாடகமே! ஒன்னும் பண்ணாதவகிட்ட கோவப்படுறதுக்கு ஆம்பளைங்க ஒங்களுக்கு யாராவது சொல்லிக் குடுக்கணுமா?"

அவர் சிரித்துவிடுவார். மனைவியும் சிரிப்பார். நான் எழுதிய வசனம் பாதியில் நிற்கும். அந்த மனிதரால் மேடையில் கோபப்பட முடியாது என்றே எண்ணியிருந்தேன்.

அவர்கள் இருவரின் தோட்டத்துக் கொழுந்து மடுவத்தில் நாடகம் நடந்தது. நாள்தோறும் கொழுந்து நிறுக்கும் அந்தக் கொட்டகைக்கு மூன்று பக்கம் சுவர் கிடையாது. நிறுக்கும் கொக்கிக்குக் கீழே பாயை விரித்து, ஓர் அலுமினியக் குடத்தையும் ஒரு தலையணையையும் வைத்து, அதை வீடாக்கினோம். பின்னால் கறுப்புத் துணி கட்டியிருந்தது. துணிக்குப் பின்னால் பிரதியோடு நான். இரண்டு வட்ட விளக்குகளும் இரண்டு பக்கம் நின்றன. இருட்டும் முன்பே சனம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் தோட்டத்துத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் கோயில் கமிட்டிக்காரர்கள், அவர்களுக்கு அடுத்து, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, மாமியார். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தோட்ட மேலாளரான தொரையிடம் பேசுவது அவர் வேலை; அதைவிட அதிகமாக, லயத்தில் புருசன் பொண்டாட்டிச் சண்டை முற்றினால் போய் நியாயம் சொல்வதும் அவர் வேலை.

முதல் கால்மணி நேரம் எல்லாம் பிரதிப்படி நடந்தது. மனைவியாக நடித்தவர் சோறு போட்டார், குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் வார்த்தார், கைபேசி ஒருமுறை ஒலித்தபோது அதைப் பார்க்காமலே அணைத்தார். பார்க்காமல் அணைத்த அந்த ஒரு செய்கையில் கூட்டம் முழுவதும் அந்தக் கைபேசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. நான் எழுதிய இரண்டு பக்க வசனத்துக்கு அது ஈடாக இருந்தது. ஆனால் நான்காம் பக்கத்தில் ஒரு வரியை அவர் விட்டுவிட்டார். இரண்டுமுறை துணிக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொடுத்தேன். கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடுத்த வரி கணவருடையது. அவர் மறந்துவிட்டார். வெளிச்சத்தில் கண்கூச நின்றார். பாத்திரத்தின் பெயரைச் சொல்லி அழைக்கவேண்டிய இடத்தில், மனைவியை வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி அழைத்தார். பிறகு, வாய்க்கு வந்ததைப் பேசினார்.

"நேத்து ராத்திரியும் இப்படித்தான். நான் வந்து படுக்குறப்ப போன எடுத்து தலகாணிக்கு கீழ வச்சிக்கிட்ட. நான் பாத்தேன். ஏன் வச்ச?"

அந்த வரி என் பிரதியில் இல்லை. ஒத்திகையிலும் ஒருநாளும் வந்ததில்லை. குரல்கூட வேறாக இருந்தது. நாங்கள் மாதக்கணக்கில் கேட்டும் வராத கோபம் அதில் இருந்தது. மடுவம் சட்டென்று அடங்கியது. மாமியார் மடியிலிருந்த குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டதைத் துணியின் ஓரத்தால் பார்த்தேன்.

தலைவர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துப்பா. நிறுத்து. என்னப்பா இது?"

பின்வரிசையிலிருந்து யாரோ கத்தினார்கள். "தலைவரே, அது நாடகம்! ஒக்காருங்க!"

"நாடகமா? நாடகம்னா அவன் எதுக்குய்யா சொந்தப் பொண்டாட்டி பேரச் சொல்றான்?"

"அதானே!" என்றது இன்னொரு குரல்.

"ஏம்ப்பா, வீட்டுச் சண்டைய பேசித் தீக்க எங்கிட்ட வரணும். இப்படி லைட்டு போட்டு ஊருக்கா காட்டுவ?" என்று சொல்லிக்கொண்டே தலைவர் மேடை என்று நாங்கள் வைத்திருந்த பாயை நோக்கி நடந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். வீடு என்பதால் கழற்றினார் என்று நினைக்கிறேன். சிரிப்பும் கூச்சலும் எழுந்தன. மாமியார் தலைகுனிந்திருந்தார். குடும்பத்தின் பெயர் ஊர் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், அவிழ்ந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் பாயின் நடுவில் கைபேசியோடு நின்றார். இதோடு எல்லாம் முடிந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது.

அக்காவைத் தேடினேன். அவர் விளக்கை அணைத்துவிடுவார், அல்லது முன்னால் வந்து மன்னிப்புக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கொழுந்து நிறுப்பவருடைய நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாயின் மீது, இருவருக்கும் நடுவில், சரியாக வெளிச்சம் விழும் இடத்தில் அதை வைத்தார். உட்காரும் பலகையை முந்தானையால் ஒருமுறை துடைத்தார்.

"தலைவரே, நின்னுக்கிட்டு எப்படி நாயம் பேசுவீங்க? ஒக்காருங்க."

அவ்வளவுதான் சொன்னார். பிறகு வெளிச்சத்தைவிட்டு ஒதுங்கிப்போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டார். தலைவர் ஒரு கணம் தயங்கி, உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கூச்சல் நின்றது. மேடைக்கும் பார்ப்பவர்களுக்கும் இடையில் இருப்பதாக நாங்கள் வகுப்பறையில் படிக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத சுவரைப் பற்றி எத்தனையோ பக்கங்கள் குறிப்பெழுதியிருக்கிறேன். ஒரு மர நாற்காலி அதை எடுத்துத் தலைவரின் முதுகுக்குப் பின்னால் வைத்துவிட்டதை அன்று பார்த்தேன்.

தலைவர் முறைப்படி விசாரித்தார். முதலில் கணவரைக் கேட்டார். அவர் கைகட்டி நின்று, "நம்பர் கேட்டேங்க, தரமாட்டேங்கிறாங்க" என்றார். அடுத்து மனைவியைக் கேட்டார்.

"ஏம்மா, போனுக்குள்ள என்ன இருக்கு?"

"ஒன்னும் இல்லைங்க."

"ஒன்னும் இல்லேன்னா நம்பர குடுத்துற வேண்டியதுதானே?"

அந்தப் பெண் கைபேசியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமாக அரைப்பார்வை திரும்பி, மெதுவாகச் சொன்னார்.

"ஒன்னும் இல்லாததுக்கு அவருக்கு எதுக்குங்க நம்பர்?"

பெண்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி மடுவத்தின் தகரக்கூரைவரை போனது. யாரோ கைதட்டினார்கள். துணிக்குப் பின்னால் நான் பிரதியைப் புரட்டினேன். அது நான்காம் பக்கத்து வரி. கணவருக்குச் சொல்லவேண்டியது, நான் இருமுறை எடுத்துக்கொடுத்தும் அந்தப் பெண் சொல்லாமல் விட்டது. அவர் அதை மறக்கவில்லை. கணவரிடம் சொன்னால் அது வீட்டுக்குள் நடக்கும் ஒரு பதில். தலைவரிடம் சொன்னால் ஊரைக் கேட்கும் கேள்வி. தலைவர் எழுந்து வருவார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க முடியாது. ஆனால் அந்த வரிக்கு இன்னும் நல்ல இடம் வரும் என்று காத்திருந்திருக்கிறார். நான் எழுதிய எதையும் யாரும் அதற்கு முன் அவ்வளவு மதித்ததில்லை.

அவர் இன்னும் நடித்துக்கொண்டிருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. கணவரைப் பற்றி எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை.

லயத்துச் சண்டை விசாரணையில், பையனைப் பெற்றவளைக் கேட்காமல் முடிவு சொல்வதில்லை. தலைவர் அந்த வழக்கத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. முன்வரிசையைப் பார்த்தார்.

"பையனோட அம்மா இருக்கீங்களே. நீங்க என்ன சொல்றீங்க?"

மாமியார் எழுந்திருக்கவில்லை. "என்னைய ஏன் கேக்குறீங்க?" என்றார்.

"ஒங்கள கேக்காம வேற யாரக் கேக்க?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் குழந்தையைப் பக்கத்திலிருந்தவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். சேலையைச் சரிசெய்தார். தலைவரைப் பார்க்காமல் மகனைப் பார்த்துப் பேசினார்.

"ஏன்டா, ஊரு முன்னாடிதான் ஒனக்கு இதக் கேக்கத் தைரியம் வந்துச்சா?"

கணவர் தரையைப் பார்த்தார்.

"நான் கல்யாணம் முடிச்சி வரையில ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்தேன். பூட்டு போட்ட பெட்டி. சாவி என் இடுப்புல. ஒங்கப்பன் குடிப்பாரு, கத்துவாரு, எல்லாந்தான். ஆனா அந்தச் சாவிய ஒருநாளும் குடுன்னு கேக்கல. உள்ள என்ன இருந்துச்சின்னு தெரியாமதான் செத்தாரு."

"என்னக்கா இருந்துச்சி?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ம், ஒங்கிட்ட சொல்றதுக்கா பூட்டி வச்சேன்?"

மடுவம் அதிர்ந்தது. தலைவரே சிரித்தார். மாமியார் சிரிக்கவில்லை. "அவ நம்பர் குடுக்க வேணாம். நீ போயி கைகால கழுவிட்டு சோத்த தின்னு" என்று மகனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா" என்றார் கணவர்.

அக்கா விளக்கை அணைத்தார். கைதட்டல் நெடுநேரம் கேட்டது. எங்கள் நாடகம் ஒன்று முடிந்ததும், யாரும் எழுந்து வீட்டுக்குப் போகாமல் கூட்டங்கூட்டமாக நின்று வாதாடியது அதுவே முதல்முறை.

ஆனால் மாமியார் யாரோடும் பேசாமல் போய்விட்டார். மறுநாள் அந்தப் பெண் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னார்: மாமியார் சமைக்கிறார், குழந்தையைக் குளிப்பாட்டுகிறார், ஒரு வார்த்தை பேசவில்லை. பீலிக்கரைக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் எல்லோரும் தகரப்பெட்டியைப் பற்றிக் கேட்கிறார்களாம். "இதோட சரின்னு நெனைக்கிறேன் அக்கா" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்திருக்கிறார்.

அதற்கிடையில் கேகாலைப் பக்கம், புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் இந்த நாடகத்தைப் போடும்படி கேட்டிருந்தார்கள். அக்காவிடம் நான் ஒரு யோசனை சொன்னேன்: என்னோடு படிக்கும் ஒருத்தி நன்றாக நடிப்பாள், அவளைப் போடலாம். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை.

"போடலாம். நல்லாவும் செய்வா. ஆனா அப்ப நம்ம நாடகம் எதப் பத்தினது தங்கச்சி?"

அந்த வாரமே இருவரும் லயத்துக்குப் போனோம். மாமியார் வாசல் திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மருமகள் உள்ளே இருந்தார். காம்பராவில் எந்தச் சத்தமும் இல்லாததால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தது.

"ஊரு முன்னாடி என்னைய பேச வச்சிட்டல்ல?" என்றார் மாமியார், நிமிராமல்.

"நான் நாற்காலிதான் போட்டேன் பெரியம்மா."

"போட்டல்ல."

"புளத்கொகுபிட்டியவுல கேட்டிருக்காங்க. அடுத்த போயாவுக்கு."

"அதுக்கு?"

"ஒங்க மருமக வந்தாத்தான் நாடகம். வேற ஆள போட மாட்டேன். வரலன்னா நிப்பாட்டிருவேன்."

முறம் நின்றது. "எனக்காகவா நிப்பாட்டுற?"

"ஆமா. ஆனா ஏன் வரலன்னு அங்க கேட்டா, ஒங்க பேரத்தான் சொல்லுவேன்."

"எடு வெளக்கமாத்த!" என்றார் மாமியார். ஆனால் எழவில்லை. சற்று நேரம் அரிசியில் கல் பொறுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். நான் அங்கிருப்பதை அப்போதுதான் கவனித்தவர்போல. "நீதான் எழுதுறியா?" என்று கேட்டார். ஆமென்று தலையசைத்தேன்.

"அங்கயும் தலைவரக் கூப்புடுவீங்களா?"

நான் அக்காவைப் பார்த்தேன். உண்மையில் நாங்கள் அதைத் தீர்மானித்திருந்தோம். கடைசி இரண்டு பக்கங்களை நான் பிரதியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நாற்காலி போடுவோம். அந்தந்தத் தோட்டத்தில் யார் நியாயம் சொல்கிறார்களோ அவர்கள் வந்து உட்கார்ந்து கேட்கட்டும். அவர்கள் என்ன சொல்கிறார்களோ, நடிப்பவர்கள் அதிலிருந்து தொடரவேண்டும். முடிவில்லாத பிரதியை எழுதுவதற்கு எனக்குப் பயமாக இருந்தது. எந்த முடிவையும் தாங்கக்கூடிய ஒருவர் நடுவில் நிற்கிறார் என்ற நம்பிக்கையில்தான் எழுதினேன்.

"ஆமாங்க" என்றேன்.

"அந்த ஊரு தலைவரு எப்படிப்பட்ட ஆளோ" என்றார் மாமியார். முறத்தை மறுபடி கையிலெடுத்தார். "அவ போறதுன்னா நானும் வருவேன். வேன்ல முன்சீட்டு."

அனுமதி என்று அவர் சொன்னது இதை மட்டும்தான். உள்ளே ஒரு பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது.

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, அந்தத் தோட்டத்தின் ரப்பர் ஸ்டோர் முற்றத்தில் இருட்டியதும் நாடகம் தொடங்கியது. இம்முறை கணவர் எந்த வரியையும் மறக்கவில்லை; தலையணைக்குக் கீழே வைத்ததைப் பற்றிய வரியையும் சொன்னார். முதல் நாடகத்துக்கும் இதற்கும் இடையில் ஒருநாள் நான் அக்காவிடம், அது நாடகமா நிஜமா என்று கேட்டிருந்தேன். "கேக்காத. நாம கேட்டா அவங்களும் யோசிக்க ஆரம்பிச்சிருவாங்க" என்றார். கேட்காமல் அந்த வரியைப் பிரதியில் சேர்த்துக்கொண்டேன்.

நாற்காலி போட்டோம். அந்தத் தோட்டத்துத் தலைவர் இளையவர், வெள்ளைச்சட்டை போட்டவர், சட்டென்று முடிவெடுப்பவர். இருவரையும் கேட்டார். "எதுக்குங்க நம்பர்?" என்ற வரிக்குப் பெண்கள் இங்கும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"குடும்பம்னா ஒளிவு மறைவு இருக்கக் கூடாது. போன குடும்மா. அவரு ஒருதடவ பாத்துட்டு திருப்பிக் குடுத்துருவாரு. பிரச்சினை முடிஞ்சிரும்."

ஆண்கள் பலர் ஆமோதித்தார்கள். எங்கள் ஏற்பாட்டின்படி முடிவை மீறமுடியாது. கணவர் கையை நீட்டினார். அந்தப் பெண் கைபேசியைப் பார்த்தார். கொடுப்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம்தான் அன்றைய நாடகம். ஒவ்வொரு விரலாக அதிலிருந்து பிரித்தார். முற்றத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. அவரை யாரும் நடுவில் கூப்பிடவில்லை. கைபேசி பாதித் தூரம் போயிருந்தது.

"குடுக்காத!"

குரல் பின்வரிசையிலிருந்து வந்தது. வேனில் முன்சீட்டுக் கேட்டவர், இங்கே முன்வரிசையில் உட்கார மறுத்து, தெரியாதவர்களுக்கு நடுவில் கடைசியில் போய் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றிருந்தார்.

தலைவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். "யாரும்மா அது? நீங்க இந்தத் தோட்டமா?"

"இல்ல."

"அப்ப இது ஒங்களுக்கு எதுக்கு? நீங்க யாரு?"

"நான் அவ மாமியா!"

முற்றம் வெடித்துச் சிரித்தது. நாடகக்காரர்கள் கூட்டத்துக்குள்ளே ஆள் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு சனம் கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் துணியோரமாக நின்ற ஒருவர், "சரியான ஆளத்தான் போட்டிருக்காங்க, நெசமான மாமியா மாதிரியே இருக்கு" என்று வியந்தார். இளைய தலைவரும் நாற்காலியிலிருந்து எழுந்து, "மாமியாவே வேணாம்னு சொன்னா நான் யாரு?" என்று கைகூப்பிவிட்டு இறங்கினார். அந்தப் பெண் கைபேசியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். சிரிப்பையும் அழுகையையும் ஒன்றாக அடக்கிய அந்த முகத்தை அக்கா சற்று நேரம் வெளிச்சத்தில் விட்டுவைத்தார். பிறகு அணைத்தார்.

திரும்பி வரும்போது முன்சீட்டில் மாமியார் நேராக உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில் தூங்கிவிட்டது. அவிசாவளை வரும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை; கேட்டால் கெட்டுவிடுமோ என்று எல்லோருக்கும் இருந்தது. அவர்தான் முதலில் பேசினார், ரோட்டைப் பார்த்தபடியே.

"நான் சொன்னது எல்லாருக்கும் கேட்டிச்சா?"

"கேட்டிச்சி பெரியம்மா" என்றார் அக்கா. "ஆனா நீங்க லைட்டுக்கு வெளிய நின்னுட்டீங்க. மூஞ்சி தெரியல. அடுத்த தடவ ரெண்டு எட்டு முன்னால வந்து சொல்லுங்க."

பின்சீட்டில் மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டார். இரத்தினபுரியைத் தாண்டி, மழை பிடித்து, ஓட்டுநர் கண்ணாடியை ஏற்றிய பிறகு, முன்சீட்டிலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"எந்தப் பக்கமா வரணும்?"